கோர்ஸ் போயிட்டு வந்தாச்சு, கத்துக்கிட்டத பள்ளியில எப்படி ஆரம்பிக்கிறது?

பிறை_டீச்சர் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். பினாங்குல பிறை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில கலைத்திட்டத் துணைத்தலைமையாசிரியரா இருக்கேன். பதவி கிடைச்சு ஒரு வருஷம்தான் ஆகுது, அதுக்கு முன்னாடி 14 வருஷம் வகுப்பு ஆசிரியர், அதே பள்ளியிலதான். மொத்தம் 19 ஆசிரியருங்க, பாதி பேரு என்கூட ஒரே மேசையில சாப்பிட்டவங்க, ரெண்டு பேரு நான் வேலைக்கு வந்தப்ப எனக்கே சொல்லிக் கொடுத்தவங்க.

நாலு மாசத்துக்கு முன்னாடி அஞ்சு நாள் தலைமைத்துவ கோர்ஸ் ஒன்னுக்கு அனுப்பினாங்க. உண்மையிலயே நல்ல கோர்ஸ், சும்மா கையெழுத்து போட்டுட்டு தே தாரே குடிச்சிட்டு வர்ற மாதிரி இல்ல. வகுப்ப எப்படி கவனிக்கிறது, ஒரு ஆசிரியர்கிட்ட எப்படி கேள்வி கேட்டு அவங்களையே யோசிக்க வைக்கிறது, பாடத்த ஒன்னா உட்கார்ந்து திட்டம் போட்டு ஒருத்தர் நடத்த மத்தவங்க பார்க்கிறது, இப்படி நிறைய. அதுல என் மனசுல ஒட்டிக்கிட்டது கேள்வி கேட்டுட்டு காத்திருக்கிற விஷயம். மேரி பட் ரோ ன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்ல நிறைய வகுப்புகளோட ஒலிப்பதிவ கேட்டு பார்த்திருக்காங்க, ஆசிரியருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு வினாடி கூட முழுசா காத்திருக்கிறதில்லையாம், அதையே 3 வினாடி ஆக்கினா பிள்ளைங்க பதில் நீளமா வருது, வாய திறக்காத பிள்ளைங்களும் பேச ஆரம்பிக்குது. இத கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, 14 வருஷமா நான் எத்தன பிள்ளைங்க பதில வாயிலேர்ந்து பிடுங்கியிருப்பேன்னு.

சரி, வந்ததும் என்ன செஞ்சேன்னா, எல்லாத்தையும் எல்லாருக்கும் கொடுத்துடணும்னு ஒரு புதன்கிழமை மத்தியானம் லாடாப் வச்சேன், அதாவது பள்ளிக்குள்ளயே ஆசிரியருங்களுக்கு நடத்துற பயிற்சி. 46 ஸ்லைடு, ரெண்டு மணி நேரம். மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு இருக்கு, பின்வரிசையில ரெண்டு பேரு மேசைக்கு கீழ புத்தகம் திருத்துறாங்க, ஒருத்தர் பிள்ளைய டேகேர்ல இருந்து எடுக்கணும்னு மணிய பார்த்துக்கிட்டே இருக்காரு. யாரும் தப்பா எதுவும் சொல்லல, கை கூட தட்டினாங்க. முடிஞ்சதும் அந்த சீனியர் டீச்சர் ஒருத்தர் மட்டும் நாற்காலிய அடுக்கிக்கிட்டே கேட்டாங்க, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மா, நாளைக்கு காலையில ஏழரைக்கு நான் வகுப்புல என்ன மாத்தி செய்யணும்?" எனக்கு பதில் வரல. நின்னுக்கிட்டே இருந்தேன்.

அதுக்கப்புறம் வகுப்பு பார்க்க போனேன். எஸ்கேபிஎம் பாரத்த, அதான் பாடம் நடத்துறத பார்த்து புள்ளி போடுற கல்வித்தர பாரத்த, கையில வச்சுக்கிட்டு உள்ள நுழைஞ்சா போதும், நல்லா சிரிச்சு பேசிக்கிட்டு இருக்கிற டீச்சர் கூட விறைச்சு போயிடுறாங்க, பிள்ளைங்களும் நிமிர்ந்து உட்கார்ந்துக்குது. வெளிய வந்து கோர்ஸ்ல சொன்ன மாதிரி "இந்த பாடத்துல எது நல்லா போச்சுன்னு நினைக்கிறீங்க" ன்னு கேட்டா, "எனக்கு எத்தன புள்ளி போட்டீங்க" ன்னுதான் திருப்பி கேட்கிறாங்க.

நாலு மாசம் ஆச்சு, நோட்டு அலமாரியில இருக்கு. கோர்ஸ்ல கத்துக்கிட்டத நிஜமா பள்ளியில நடைமுறைக்கு கொண்டு வந்தவங்க இங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எங்கிருந்து ஆரம்பிச்சீங்க? பள்ளியில வேலை பார்க்காதவங்களும் சொல்லலாம், எங்க வேலைய பார்த்தாலும் பத்து பேர வச்சு நடத்துறவங்களுக்கு இந்த கஷ்டம் இருக்கும்னு தோணுது.

---

ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் பினாங்கு தீவுல இருந்தவன், மூணு பள்ளி பார்த்துட்டு ஓய்வு பெத்தாச்சு. நீங்க எழுதினத படிச்சப்ப என் முதல் பள்ளி ஞாபகம் வந்துச்சு, நான் ஸ்லைடு போடல, ஆனா மஞ்சள் கோப்புல பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்னு கொடுத்தேன். அந்த கோப்பெல்லாம் நான் மாறிப் போறப்ப ஸ்டோர்ல கட்டா இருந்துச்சு.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்குங்க, இது உங்க ஆசிரியருங்க சோம்பேறித்தனம் இல்ல. அமெரிக்காவுல ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ன்னு ரெண்டு பேரு 1980கள்லயே இதத்தான் ஆராய்ச்சி செஞ்சாங்க. ஆசிரியருக்கு விளக்கம் சொன்னா விளங்கிக்கிறாங்க, செஞ்சு காட்டினா இன்னும் நல்லா விளங்கிக்கிறாங்க, பயிற்சியிலயே செய்ய வச்சா அங்க செஞ்சும் காட்டிடுறாங்க, ஆனா அத தன் வகுப்புக்கு கொண்டு போய் வழக்கமாக்கிறது ரொம்ப கம்மி பேரு, கூட இருந்து யாராவது துணைக்கு வந்தாத்தான் அது நடக்குது. அதனால உங்க ரெண்டு மணி நேர லாடாப் எவ்வளவு அழகா இருந்திருந்தாலும் அது பாதி வேலைதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அதே ரெண்டு பேரும் பின்னால 1996-ல எழுதினப்ப, ஒருத்தர் வகுப்ப ஒருத்தர் பார்த்துட்டு வாயால கருத்து சொல்றத விட்டுடலாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னா கருத்து சொல்ல ஆரம்பிச்சாலே அது மதிப்பீடு மாதிரி ஆயிடுது, கூட்டு வேலை கலைஞ்சு போகுது. அவங்க கணக்குல பாடம் நடத்துறவர்தான் கோச், பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறவர்தான் கத்துக்க வந்தவரு. இத நான் பதவியில இருந்த கடைசி ஏழெட்டு வருஷத்துலதான் கத்துக்கிட்டேன், முன்னாடியே தெரிஞ்சிருந்தா எத்தன பேரு மனசு நோகாம இருந்திருக்கும்னு இன்னைக்கும் நினைப்பேன்.

அதனால நீங்க போய் அவங்க வகுப்புல உட்காராதீங்க. உங்க வகுப்ப திறந்து விடுங்க. துணைத்தலைமைக்கும் வாரத்துல சில பாடவேளை இருக்கும் இல்லையா, அதுல ஒன்ன எடுத்து, இந்த காத்திருக்கிற விஷயத்த மட்டும் நான் பழகிப் பார்க்கிறேன், யாருக்கு அந்த நேரம் ஓய்வோ வந்து பாருங்கன்னு சொல்லுங்க. முதல் தடவ யாரும் வரமாட்டாங்க. ரெண்டாவது தடவ அந்த நாற்காலி அடுக்கின டீச்சரை நேரா கூப்பிடுங்க, அவங்க கேட்ட கேள்விதான் உங்க பள்ளியிலயே நல்ல கேள்வி.

எஸ்கேபிஎம் மேற்பார்வை செஞ்சுதான் ஆகணும், அது உங்க கடமை, அதுல சலுகை இல்ல. ஆனா ரெண்டையும் கலக்காதீங்க. இது மேற்பார்வை, இன்ன தேதிக்கு பாரத்தோட வரேன்னு முன்னாடியே சொல்லிட்டு போங்க. மத்த நாள்ல போனா கையில பேனா கூட இருக்கக்கூடாது. இதுல ஒரு தடவ ஏமாத்தினீங்கன்னா, அதாவது சும்மா வந்தேன்னு சொல்லிட்டு பின்னால புள்ளி போட்டீங்கன்னா, அதோட முடிஞ்சது, அந்த நம்பிக்கைய அந்த பள்ளியில திரும்ப சம்பாதிக்க முடியாது.

---

பாயான்லெப்பாஸ்_ஷிப்ட் எழுதியது:

டீச்சர் வணக்கம், நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியாவுல ஷிப்ட் சூப்பர்வைசர், ஆப்பரேட்டரா சேர்ந்து படிப்படியா வந்தவன். எங்க பக்கம் கோர்ஸுக்கு பஞ்சமே இல்ல, கம்பெனி மாசாமாசம் நம்ம நாட்டு தொழிலாளிங்க சம்பளத்துல 1 சதவீதம் ஹெச்ஆர்டி லெவி கட்டுது, அந்த காச பயிற்சிக்கு எடுத்துக்கலாம், அதனால வருஷத்துல ரெண்டு மூணு தடவ யாராவது ஹோட்டல்ல உட்கார்ந்துக்கிட்டுதான் இருப்போம். முடிஞ்சதும் ஒரு பாரம் கொடுப்பாங்க, ட்ரெய்னர் எப்படி, சாப்பாடு எப்படின்னு, அதுல அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டு வந்துடுவோம். டொனால்ட் கிர்க்பேட்ரிக் ன்னு ஒருத்தர் 1959-லயே பயிற்சிய நாலு படியில பாருங்கன்னு சொல்லிட்டாரு, பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில நடத்தை மாறுச்சா, பலன் வந்துச்சா ன்னு. நம்மள்ல நிறைய பேரு முதல் படியிலயே நின்னுடுறோம்.

என் கதைய சொல்றேன். எனக்கு கோச்சிங் கோர்ஸ் போட்டாங்க, ஆளுங்களுக்கு பதில் சொல்லாதீங்க, கேள்வி கேளுங்கன்னு. நான் எப்படிப்பட்ட ஆளுன்னா மெஷின் நின்னா ஓடிப்போய் நானே கைய வச்சு சரி பண்ணிட்டு வந்துடுவேன், அதுலதான் எனக்கு பேரு. மறுநாள் லைன் நின்னுச்சு, ஒரு பையன் ஓடி வந்தான், நான் அமைதியா "நீ என்ன நினைக்கிற" ன்னு கேட்டேன். பையன் முகம் வெளுத்து போச்சு, ஏதோ தப்பு பண்ணிட்டோம், பாஸ் மாட்டி விட பார்க்கிறாருன்னு நினைச்சுட்டான். ரெண்டு வாரம் ஆளுங்க என்கிட்ட வர்றதையே குறைச்சுட்டாங்க, பக்கத்து லைன் ஆள கூப்பிட்டு கேட்டாங்க.

அப்புறம்தான் உறைச்சுது, நான் மாறினது அவங்களுக்கு யாரும் சொல்லலையே. காலையில ஏழு மணிக்கு ஷிப்ட் மாறுறப்ப லைன் பக்கத்துல பத்து நிமிஷம் நின்னு பேசுவோம், அதுல வெளிப்படையா சொன்னேன், "நான் ஒரு விஷயம் கத்துக்கிட்டு வந்திருக்கேன், இனிமே உங்கள கேட்டா சோதிக்கிறேன்னு நினைக்காதீங்க, உங்களுக்கு தெரிஞ்சத நான் இத்தன நாள் கேட்காம விட்டுட்டேன், ஆபத்து இருக்கிற விஷயம்னா கேள்வி கிடையாது, உடனே நிறுத்திட்டு கூப்பிடுங்க." தமிழ்ல பாதி மலாய்ல பாதி, எங்க லைன்ல எல்லா ஆளும் இருக்காங்க. அன்னையிலேர்ந்துதான் நிலைமை மாறுச்சு. சட்டைப் பையில சின்ன நோட்டு ஒன்னு வச்சிருந்தேன், வாய மூடிக்கிட்டு கேட்ட தடவைக்கு ஒரு கோடு, தாங்க முடியாம நானே பதில் சொன்னதுக்கு ஒரு சுழி. முதல் வாரம் சுழியாத்தான் இருந்துச்சு, மூணு மாசத்துல கோடு ஜாஸ்தியாச்சு. நோட்ட யாருக்கும் காட்டல, எனக்கு மட்டும்தான்.

இன்னொன்னு, ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறதுக்கு எங்களுக்கு ஒரு பழைய முறை இருக்கு, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்கா ஃபேக்டரிங்கள்ல புது ஆளுங்களுக்கு சீக்கிரம் வேலை பழக்க உருவாக்கினது, அப்புறம் ஜப்பானுக்கு போயி வேரூன்றிடுச்சு. நாலு படி: ஆள தயார் பண்ணு, செஞ்சு காட்டு, அவன செய்ய விடு, அப்புறம் போய் போய் பாரு. நீங்க புதன்கிழமை பண்ணினதுல நாலாவது படி இல்ல டீச்சர், அங்கதான் விட்டுடுச்சு.

---

செந்தூல்_வாத்தியார் எழுதியது:

நான் கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, சாதாரண ஆசிரியர், பதவி எதுவும் இல்ல, அதனால அந்த பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர்.

எனக்கு 11 வருஷத்துல நாலு மேலதிகாரிங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கோர்ஸ் போயிட்டு வந்து ஒவ்வொன்னு ஆரம்பிச்சாங்க, எல்லாம் நல்ல நோக்கம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பழசு எதையும் யாரும் நிறுத்தினதே இல்ல. வாசிப்பு மூலைக்கு ஒரு அறிக்கை, கணிதத்துக்கு ஒரு பதிவேடு, ஒழுக்கத்துக்கு ஒரு ஸ்டிக்கர் அட்டை, வகுப்பறை மதிப்பீட்டுக்கு சிஸ்டத்துல கீ-இன் பண்றது தனி, அத வேற கைப்பட ஒரு தடவ எழுதி வைக்கணும். இந்த நிலைமையில புதுசா ஒன்னு வருதுன்னா மனசுல முதல்ல வர்றது, இது எத்தன நாளைக்கு ஓடும்ங்கிற கணக்குதான். தீபாவளி வரைக்கும் தாக்கு பிடிச்சா போதும், அப்புறம் அவங்களே மறந்துடுவாங்கன்னு காத்திருப்போம். பள்ளிக்கூடத்துல இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய சொல்றதில்ல.

அரசாங்க ஊழியருக்கு வருஷத்துக்கு 7 நாள் பயிற்சின்னு 2005 சுற்றறிக்கையில இலக்கு வச்சாங்க. ஏழு நாள ரொப்பிட்டோம், அதுல கத்துக்கிட்டத செய்ய மணி நேரம் யாரு கொடுக்கிறாங்க?

அதனால ஒன்னே ஒன்னு கேட்கிறேன். புதுசா ஒன்னு வைக்கிறதுக்கு முன்னாடி பழசுல ஒன்ன எடுங்க. எல்லார் முன்னாடியும், கூட்டத்துல, "இத இனிமே செய்ய வேணாம்" ன்னு சொல்லி எடுங்க. அத நீங்க செஞ்சீங்கன்னா அடுத்து நீங்க சொல்ற எதையும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பேன். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல லிங்க் போட்டு "ஆசிரியர்களே படித்துப் பாருங்கள்" ன்னு அனுப்பாதீங்க, தயவு செஞ்சு.

---

ஓடி_சிஸ்டர்_கேஎல் எழுதியது:

செந்தூல் சார் சொன்னதுல பாதிய நான் வார்டுல இருந்தப்ப அனுபவிச்சவ. இப்ப கேஎல்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் தியேட்டர் சிஸ்டர்.

சுருக்கமா சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல அறுவை சிகிச்சைக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு, 19 விஷயம், மூணு இடத்துல நிறுத்தி சரி பார்க்கணும்: மயக்க மருந்துக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, நோயாளி தியேட்டர விட்டு போறதுக்கு முன்னாடி. அதுல ஒன்னு, அங்க நிக்கிற எல்லாரும் தன் பேரையும் தன் வேலையையும் சொல்லணும். பேப்பர்ல பார்த்தா சின்ன விஷயம், நிஜத்துல பெரிய டாக்டர் முன்னாடி புது நர்ஸ் பேரு சொல்லணும்னா நாக்கு ஒட்டிக்கும். நான் பயிற்சி முடிச்சு வந்தப்ப எல்லாரையும் சொல்லுங்க சொல்லுங்கன்னு விரட்டினேன். முணுமுணுன்னு சொல்லிட்டு டிக் அடிச்சுட்டு போனாங்க.

அப்புறம் நான் விரட்டுறத விட்டுட்டு, முதல் ஆளா நானே சொல்ல ஆரம்பிச்சேன். முகக்கவசத்த தாண்டி கேட்கிற மாதிரி, ஒவ்வொரு கேஸுக்கும், ஒரு நாளைக்கு அஞ்சு கேஸ்னா அஞ்சு தடவ, எல்லாருக்கும் என் பேரு தெரிஞ்சிருந்தாலும். சொல்லிட்டு பக்கத்துல இருக்கிற சின்னப் பொண்ண பார்ப்பேன், காத்திருப்பேன். சில மாசம் கழிச்சு அந்த பொண்ணுங்கள்ல ஒருத்தி, வந்து அதிக நாள் ஆகாதவ, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி "டாக்டர், பாரத்துல இடது முட்டின்னு இருக்கு, நாம வலது பக்கம் துடைச்சிருக்கோம்" ன்னு சத்தமா சொன்னா. எல்லாரும் நின்னு பார்த்தோம், அவ சொன்னதுதான் சரி. பேரு சொல்ல பழகின வாய்தான் அன்னைக்கு அதையும் சொல்லுச்சுன்னு நான் நம்புறேன்.

நீங்க அந்த மூணு வினாடி காத்திருக்கிறத பிள்ளைங்ககிட்ட மட்டும் செய்யாதீங்க டீச்சர், ஆசிரியர் கூட்டத்துலயும் செய்யுங்க.

---

பிறை_டீச்சர் எழுதியது:

ஆறு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், பள்ளி விளையாட்டுப் போட்டி முடியட்டும்னு இருந்துட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உங்க பதில எல்லாம் பிரிண்ட் எடுத்து மேசை கண்ணாடிக்கு கீழ வச்சிருக்கேன்.

முதல்ல செந்தூல் சார் சொன்னத செஞ்சேன். தலைமையாசிரியர்கிட்ட பேசி, ஒவ்வொரு மாசமும் வாசிப்பு மூலைக்கு எழுதுற அறிக்கைய நிறுத்தினோம், அது யாரும் படிக்காத அறிக்கை, மாவட்டக் கல்வி இலாகா கேட்கிறதும் இல்ல, நாங்களே எப்பவோ ஆரம்பிச்சது. கூட்டத்துல சொன்னப்ப ஒரு நிமிஷம் யாரும் நம்பல, "அப்ப எப்ப அனுப்பணும் டீச்சர்" ன்னு ஒருத்தர் கேட்டாரு, அனுப்பவே வேணாம்னு மறுபடி சொன்னேன். அதே கூட்டத்துல பாயான் லெப்பாஸ் அண்ணன் சொன்ன மாதிரி வெளிப்படையா சொன்னேன், அந்த புதன்கிழமை நான் உங்க மேல எல்லாத்தையும் கொட்டிட்டேன், இந்த பருவம் முழுக்க ஒன்னே ஒன்னுதான் பழக போறேன், கேள்வி கேட்டுட்டு மூணு வினாடி நிக்கிறது, வியாழக்கிழமை மூணாவது பாடவேளை ஆண்டு 3 கணிதம், வந்து பார்க்கலாம்னு.

ஐயா சொன்ன மாதிரியே முதல் வாரம் யாரும் வரல. ரெண்டாவது வாரம் சீனியர் டீச்சர் வந்தாங்க, பின்னாடி நாற்காலிய இழுத்து போட்டு உட்கார்ந்தாங்க. பின்னம் நடத்தினேன். ஒரே அளவுல வெட்டின கலர் பேப்பர் பட்டை ஆளுக்கு ரெண்டு, ஒன்ன மூணா மடிக்கணும் ஒன்ன நாலா மடிக்கணும். மடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டேன், "மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?" எல்லாம் ஒரே குரல்ல "நாலு!" ன்னு கத்துச்சு. "ஏன்?" ன்னு கேட்டுட்டு நின்னேன். ஒன்னு, ரெண்டு, மூணு. அந்த மூணு வினாடி எவ்வளவு நீளம்னு வகுப்பு முன்னாடி நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், நானே பதில் சொல்லிடுவேனோன்னு உதட்ட கடிச்சுக்கிட்டேன். நாலு, அஞ்சு. ஜன்னல் பக்கத்துல ஒரு பையன், வருஷ ஆரம்பத்துலேர்ந்து என் வகுப்புல தானா வாய திறந்ததே இல்ல, குறைநீக்கல் வகுப்புக்கு போயிட்டு வர்ற பிள்ளை. பட்டைய பார்த்துக்கிட்டே மெதுவா சொன்னான், "டீச்சர், வீட்டுல நாலு பேரு பங்கு போட்டா எனக்கு கொஞ்சம்தான் கிடைக்கும்." வகுப்பு முழுக்க திரும்பி அவன பார்த்துச்சு. அப்புறம் சரசரன்னு மடிக்கிற சத்தம்.

முடிஞ்சு வெளிய வந்தப்ப சீனியர் டீச்சர் பாடத்த பத்தி ஒன்னும் சொல்லல, நானும் கேட்கல. கண்டீன் வரைக்கும் பேசாம நடந்தோம். மைலோ வாங்கிட்டு உட்கார்ந்தப்பதான், "அந்த பையன ரெண்டு வருஷம் நான் வச்சிருந்தேன்" ன்னு மட்டும் சொன்னாங்க.

ஆசிரியர் கூட்டத்துலயும் சிஸ்டர் சொன்னபடி காத்திருந்து பார்க்கிறேன், அது வகுப்பவிட கஷ்டம், பெரியவங்க மௌனம் கனமா இருக்கு. ஆனா போன கூட்டத்துல எப்பவும் பேசாத ஒரு இளம் ஆசிரியர், ஆசிரியருங்க முறை வச்சு பிள்ளைங்கள பார்த்துக்கிற கண்காணிப்பு அட்டவணையில இருக்கிற குளறுபடிய சொன்னாரு, மூணு மாசமா எல்லாரும் பட்டுக்கிட்டு இருந்த விஷயம், பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டோம்.

எல்லாம் நல்லா போகுதுன்னு சொல்ல மாட்டேன். இன்னும் மூணு பேரு என் வகுப்பு பக்கமே வரல, ஒருத்தர் இதெல்லாம் பதவி உயர்வுக்கு செய்றாங்கன்னு பேசுறதா காதுக்கு வந்துச்சு, ராத்திரி தூக்கம் வரல. அவர்கிட்ட போய் விளக்கம் சொல்லணுமா, விட்டுடணுமான்னு ஐயாகிட்ட கேட்கலாம்னு இருக்கேன்.

நேத்து சாயங்காலம் சீனியர் டீச்சர் மோட்டார எடுத்துக்கிட்டு கிளம்புறப்ப நிறுத்தி, "நாளைக்கு ரெண்டாவது பாடவேளை, ஆண்டு 5, நான் பழகிப் பார்க்கிறேன், வா" ன்னு சொல்லிட்டு போனாங்க. பேனா எடுத்துட்டு போகல, ஐயா.

---

ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

அவர்கிட்ட விளக்கம் சொல்ல போகாதீங்க டீச்சர். அவரோட கண்காணிப்பு நாள்ல ஒரு நாள் நீங்க எடுத்துக்கிட்டு செய்யுங்க, காரணம் சொல்லாம. ஆண்டு 5 எப்படி போச்சுன்னு எழுதுங்க.